கார்டமமும் என் அம்மாவின் மடியும்

எங்கள் ஊரில் ஏலக்காயை யாரும் ஏலக்காய் என்று சொல்வதில்லை. காய் என்றுதான் சொல்வோம். போடி கடைவீதியில் நின்று "காய் என்ன வெலைக்குப் போச்சு?" என்று கேட்டால் எவனும் கத்திரிக்காய்க் கூடையைக் காட்ட மாட்டான். மேலே கேரள மலையிலிருந்து ஜீப்பிலும் லாரியிலும் இறங்கும் அந்தச் சாக்கு மூட்டைகளால்தான் ஊரில் பாதி வீடுகளில் உலை கொதித்தது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். நான் எட்டாவது படிக்கும்போதே அப்பா போய்விட்டார். அம்மா ஒரு வியாபாரியின் சரக்குக் கிட்டங்கியில் காய் பொறுக்கித்தான் என்னைப் படிக்க வைத்தாள்.

காய் பொறுக்குவது என்றால் மரத்தடியில் குனிந்து பொறுக்குவது இல்லை. கிட்டங்கியில் நாற்பது பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஆளுக்கொரு சொளகு, மூங்கில் முறம். அதில் கொட்டிய காயில் பச்சையைத் தனியாக, வெளுத்ததைத் தனியாக, வெடித்ததைத் தனியாகப் பிரித்துப் போட வேண்டும். காலையிலிருந்து மாலைவரை அதே வேலை. அம்மா வீட்டுக்குள் நுழையும் முன்பே அவள் வாசனை நுழைந்துவிடும். மற்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு ஏலக்காய் வாசம் என்றால் பாயசம் நினைவுக்கு வரும். எனக்கு மாலை ஐந்தரை மணி நினைவுக்கு வரும்.

அந்தக் காய்க்கு ஆங்கிலத்தில் கார்டமம் என்று பெயர் என்பதோ, அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்பதோ அம்மாவுக்குத் தேவைப்படவில்லை. எனக்குத் தேவைப்பட்டது. எம்.ஏ. ஆங்கிலம் படித்தவனுக்கு இப்படி வேண்டாத தேவைகள் வந்துவிடும். அதுவும் நான் படித்தது அஞ்சல் வழியில். தபால்காரர் கொண்டுவந்து போட்ட இங்கிலீஷ் என்பதால் எனக்குக் கொஞ்சம் மிடுக்கு அதிகம்.

படித்து முடித்து ஒரு வருடம் வீட்டில் சும்மா இருந்தேன். அம்மாதான் முதலாளியிடம் போய்க் கேட்டாள். இரண்டாயிரத்து இரண்டு வாக்கில் என்று நினைக்கிறேன், அவர் கிட்டங்கியின் முன்னறையில் ஒரு கம்ப்யூட்டரை வாங்கி வைத்து, பூ போட்ட துணியால் மூடி, தினமும் அதற்குச் சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்தார். அதைத் தட்ட ஓர் ஆள் வேண்டியிருந்தது. "ஒம் மகன் இங்கிலீசு எழுதுவானா?" என்று கேட்டிருக்கிறார். "தண்ணி மாதிரி எழுதுவான்" என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அவளுக்கு ஓர் எழுத்தும் வாசிக்கத் தெரியாது. ஆனால் என் இங்கிலீஷுக்கு அவ்வளவு தைரியமாக ஜாமீன் கொடுத்தவர்கள் வேறு யாரும் இல்லை.

முதலாளி கெட்டவர் என்று சொல்ல முடியாது. வீரபாண்டித் திருவிழாவுக்கு எல்லாப் பெண்களுக்கும் சேலை எடுத்துக்கொடுப்பார். அந்தச் சேலையை அவர்களே உதறியும் காட்ட வேண்டும் என்பதுதான் எனக்கு அதுவரை உறைக்காத விஷயம்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மாலை ஐந்து மணிக்கு மணி அடித்தது. முன்னறை ஜன்னலிலிருந்து பார்த்தால் கிட்டங்கியின் வாசல் தெரியும். வாசலில் மேஸ்திரி ஒரு முக்காலியில் உட்கார்ந்தார். பெண்கள் வரிசையாக வந்தார்கள். ஒவ்வொருத்தியும் இடுப்பில் செருகியிருந்த மடியை அவிழ்த்து, விரித்து, மூன்று முறை உதற வேண்டும். ஒரு காய்கூட விழவில்லை என்று பார்த்து மேஸ்திரி தலையை ஆட்டிய பிறகு செருகிக்கொண்டு போகலாம். மூட்டை தூக்கும் ஆண்களும் அதே வாசலில்தான் போனார்கள். அவர்களுக்கு உதறல் கிடையாது. அவர்கள் டவுசர் பையில் எத்தனை கைப்பிடி காய் கொள்ளும் என்ற யோசனை யாருக்கும் வந்ததாகத் தெரியவில்லை.

அம்மா ஏழாவதாக வந்தாள். உதறினாள். போனாள். ஜன்னலில் நான் நிற்பதைப் பார்த்துச் சிரித்துவிட்டுக்கூடப் போனாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. மடி உதறுவதைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். பார்த்தது அன்றுதான். இதை எப்படியாவது நிறுத்திவிட வேண்டும், வேறு யாருக்கு இல்லாவிட்டாலும் என் அம்மாவுக்காவது நிறுத்த வேண்டும் என்று அந்த ஜன்னலில் நின்றே முடிவு செய்தேன். முன்னறையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருப்பவனுக்கு வரும் வீராப்பு அது.

வாய்ப்பு சீக்கிரமே வந்தது. ஜெர்மனியிலிருந்து ஒரு வியாபாரி நேரில் வந்து பார்க்கப்போவதாகக் கடிதம் எழுதியிருந்தார். கொச்சி ஏற்றுமதிக்காரர்களைத் தாண்டி நேராக வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும் என்பது முதலாளியின் நெடுநாள் ஆசை. வருகிறவர் கையில் கொடுக்க வழுவழுப்பான தாளில் எட்டுப் பக்கத்துக்கு ஒரு இங்கிலீஷ் புத்தகம் வேண்டும், சிவகாசியில் அச்சடிக்கலாம் என்றார். முதல் பக்கத்தில் என்ன போடுவது என்று கேட்டார். கார்டமம் என்ற சொல்லின் வரலாற்றைப் போடலாம் என்று சொன்னது நான்தான். யாரும் கேட்காமலே என் வாயில் விழுந்த வினை.

நூலகத்தில் தலையணை கனத்தில் இருந்த அகராதியைப் புரட்டினேன். கிரேக்கர்களிடம் கார்டமோன் என்று ஒரு காரக் கீரை இருந்திருக்கிறது. அமோமோன் என்று ஒரு வாசனைச் சரக்கும் இருந்திருக்கிறது. கிழக்கே எங்கிருந்தோ கைமாறிக் கைமாறி வந்த காயைப் பார்த்த எவனோ ஒருவன், இதில் அந்தக் கீரையும் கொஞ்சம் இருக்கிறது, இந்தச் சரக்கும் கொஞ்சம் இருக்கிறது என்று இரண்டு பெயரையும் ஒட்டியிருக்கிறான். ஒட்டும்போது நடுவில் கொஞ்சம் விழுங்கி, கார்டமோமோன் ஆக்கிவிட்டான். ரோமாபுரிக்காரன் அதை வாங்கி, வாலை மட்டும் மாற்றி கார்டமோமும் என்று தன் மூட்டையில் முத்திரை குத்திக்கொண்டான். லத்தீனிலிருந்து பிரெஞ்சுக்குப் போய், அங்கிருந்து இங்கிலீஷுக்குப் போய், கடைசியில் கார்டமம் ஆனது. பெயர் வைத்த இத்தனை பேரில் ஒருவனாவது செடியைப் பார்த்திருப்பானா என்பது சந்தேகம்தான். தெரியாத பொருளுக்குத் தெரிந்த இரண்டு பொருளின் பெயரை வைத்து ஒப்பேற்றியிருக்கிறார்கள். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. இரண்டு நாள் உட்கார்ந்து அழகாக எழுதினேன்.

முதலாளிக்கு வாசித்து அர்த்தம் சொன்னேன். காரக் கீரை வந்த இடத்திலேயே நிறுத்தினார்.

"என்னப்பா இது? எங் காயைக் கீரைங்கிறியா?"

"நான் சொல்லலீங்க. கிரேக்கத்துல அப்படி."

"கிரேக்கன் போடிமெட்டு ஏறி வந்தானா? கொசுக் கடி, அட்டைக் கடி வாங்கிக் காடு திருத்துனது நம்ம ஆளுக. பேரு மட்டும் அவன் வச்சானா?"

அவர் காடு திருத்தி நான் பார்த்ததில்லை. அட்டை அவரைக் கடித்திருந்தால் அட்டைக்குத்தான் ஏதாவது ஆகியிருக்கும். ஆனால் கேள்வியில் நியாயம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

மறுநாள் தமிழ் ஐயா வந்தார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர், முதலாளிக்கு நண்பர். உலகத்தில் உள்ள எல்லாச் சொல்லும் தமிழிலிருந்து போனது என்பது அவர் கொள்கை. எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் ஒரு டம்ளர் காபி ஆறுவதற்குள் அதைத் தமிழாக்கிவிடுவார். கார்டமத்துக்கு அரை டம்ளர்கூட ஆகவில்லை.

"கார் என்றால் மேகம். தமம் என்றால் இருள். மேகத்தின் இருளில் விளைவதால் கார்த்தமம். கிரேக்க வணிகன் காதில் வாங்கிக்கொண்டு போய்விட்டான்."

"தமம் வடமொழி இல்லையாங்கய்யா?" என்று கேட்டேன்.

"அதுவும் நம்மகிட்ட இருந்து போனதுதேன்" என்றார். முதலாளி என்னைப் பார்த்த பார்வையில் அகராதியே எரிந்திருக்க வேண்டும்.

ஐயா சொன்னது பொய் என்று எனக்குத் தெரியும். கூசாமல் எழுதவும் தெரியும் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். முதலாளி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "ஐயா சொன்னதை இங்கிலீசுல நல்லா ஜோடிச்சு எழுதிக் குடு தம்பி. ஒனக்கு என்ன வேணுமோ கேளு, செஞ்சு தாரேன்" என்றார். என் கண் ஜன்னலுக்குப் போனது.

கேட்டேன். எங்கம்மா இனிமேல் மடி உதறக் கூடாது என்று கேட்டேன். அவர் "அம்புட்டுத்தானா?" என்று சிரித்தார். மேஸ்திரியைக் கூப்பிட்டு அங்கேயே சொல்லிவிட்டார். சம்பள உயர்வு கேட்பேன் என்று பயந்திருப்பார் போல. நான் ரோமாபுரியையும் கிரேக்கத்தையும் ஒரே நாளில் போடியிலிருந்து துரத்தினேன். மேக இருளில் பிறந்த தமிழ்ச் சொல் கப்பலேறிய கதையை இங்கிலீஷில் படித்தால் எனக்கே கண் கலங்கும், அப்படி எழுதினேன்.

மறுநாள் மாலை ஐந்து மணிக்கு ஜன்னலில் நின்றேன். அம்மா ஏழாவதாக வந்தாள். மேஸ்திரி கையைக் காட்டி, "நீ போ ஆத்தா, மொதலாளி சொல்லிட்டாக" என்றார். அம்மா நின்றாள். பின்னால் இருந்த பெண்களைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மடியை அவிழ்த்து விரித்து மூன்று முறை உதறினாள். வழக்கத்தைவிடப் பலமாக உதறியதாக எனக்குத் தோன்றியது.

வீட்டுக்குப் போனதும் சண்டை பிடித்தேன். ஒரு மனுஷன் எவ்வளவு கஷ்டப்பட்டு இதை வாங்கிக்கொடுத்திருக்கிறான், உனக்கு மானம் இல்லையா என்றெல்லாம் கேட்டேன். எம்.ஏ. படித்த வாய் அல்லவா. அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ஏலே, ஒனக்குக் கோட்டி பிடிச்சிருக்கா? நாப்பது பேரும் உதறிட்டுப் போறப்ப நான் மட்டும் உதறாமப் போனா, நாளைக்கு ஒரு பிடி காய் கொறைஞ்சாக்க அது யார் மடியில இருக்கும்பாக?"

அகப்பட்ட ஒரு கல்லை எடுத்து வாசல் பக்கம் எறிந்தாள்.

"இத்தன வருசத்துல எம் மடியில ஒரு காய் விழுந்ததில்ல. உதறுனாத்தேன அது தெரியும்? இந்தச் சிபாரிசெல்லாம் எனக்கு வேணாம். நாளைக்குப் போயி வேணாம்னு சொல்லிரு."

நான் சொல்லவில்லை. சொன்னால் என் பேரம் கேலிக்கூத்தாகிவிடும். ஊரிலேயே அவளுக்கு மட்டும் உதற வேண்டாம் என்று அனுமதி இருந்தது, அவள் மட்டும் மற்ற எல்லாரையும்விடப் பலமாக உதறினாள். அவளை நாற்பது பேருக்கு முன்னால் சந்தேகத்துக்கு உரியவளாக ஆக்கியதுதான் நான் செய்த உபகாரம். கேட்பதானால் எல்லாருக்கும் சேர்த்துக் கேட்டிருக்க வேண்டும் என்பது அன்று எனக்குத் தோன்றவே இல்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஜெர்மன்காரர் வந்தார். உயரமான வயசாளி. கழுத்தில் கேமரா தொங்கியது. முதலாளி மாலை போட்டார், தமிழ் ஐயா கம்பீரமாக உட்கார்ந்திருந்தார், நான் நடுவில் மொழிபெயர்ப்பாளனாக நின்றேன். புத்தகத்தைக் கையில் கொடுத்தோம். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்தைப் பொறுமையாக முழுவதும் படித்தார். பிறகு என்னைப் பார்த்து இங்கிலீஷில் மெதுவாகச் சொன்னார்: "பள்ளிக்கூடத்தில் எனக்கு ஆறு வருடம் கிரேக்கம் நடத்தினார்கள். இப்படி ஒரு விளக்கத்தை நான் கேட்டதே இல்லை."

"என்ன சொல்றாரு?" என்று முதலாளி பரபரத்தார்.

"இப்படி ஒரு விளக்கத்தைக் கேட்டதே இல்லையாம்."

தமிழ் ஐயா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். மொழிபெயர்ப்பில் ஒரு பிழையும் இல்லை. முதல் பாதியை மட்டும் நான் விழுங்கிவிட்டேன். அந்தக் கிரேக்கனே ஒட்டும்போது கொஞ்சம் விழுங்கியவன்தானே.

பேசிக்கொண்டிருக்கும்போதே ஐந்து மணி அடித்தது. ஜெர்மன்காரர் ஜன்னலுக்குப் போய்விட்டார். வாசலில் பெண்கள் வரிசையாக வந்து, மடியை விரித்து, உதறி, ஒரு ஆளிடம் தலையாட்டல் வாங்கிக்கொண்டு போவதைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்துவிட்டது. இது என்ன, ஏதாவது பிரார்த்தனையா என்று கேட்டார். நான் முதலாளிக்கு அர்த்தம் சொன்னேன். ஒரு நொடி அவர் திணறினார். உடனே சுதாரித்துக்கொண்டார்.

"சம்பிரதாயம்னு சொல்லு. நம்ம பக்கத்துச் சம்பிரதாயம்னு சொல்லு."

சொன்னேன். தடுமாறாமல், நல்ல உச்சரிப்பில் சொன்னேன். அவர் கேமராவை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார். அப்போது அம்மாவின் முறை. அவள் உதறி முடித்திருந்தாள். போட்டோ எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் முன்நெற்றி முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டு, வெள்ளைக்காரர் வசதிக்காக இன்னொரு முறை மடியை விரித்துக் காட்டி உதறினாள். ஜன்னலில் நிற்கும் என்னைப் பார்த்து, நான் போட்டோவில் விழுந்துவிட்டேன் பார்த்தாயா என்பது போல ஒரு சிரிப்பு வேறு. நான் திரும்பிக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்துப் படம் தபாலில் வந்தது. சரக்கு ஆர்டரும் வந்தது. பெரிய படம். விரித்த மடிக்கு மேலே அம்மாவின் முகம், தூசியில் வெயில் பட்டு மினுமினுப்பு. படம் அழகாக இருந்தது என்பதுதான் கொடுமை. முதலாளி சட்டம் போட்டு, கம்ப்யூட்டருக்கு மேலே மாட்டிவிட்டார். சாம்பிராணி இப்போது இரண்டுக்கும் சேர்த்துக் காட்டப்பட்டது. அடுத்த பதிப்புக்கு அதுதான் அட்டைப்படம் என்றார். உள்ளே அந்தச் சம்பிரதாயத்தின் வரலாறு ஒரு பக்கம் வேண்டும். தமிழ் ஐயா காபியோடு தயாராக இருந்தார். விளைச்சலைத் தந்த மலைத் தாய்க்கு மகளிர் மடி விரித்து நன்றி சொல்லும் தொன்மரபு என்றார். மூன்று முறை உதறுவது மூவேந்தரைக் குறிக்கும் என்றும் சொன்னார்.

தட்ட ஆரம்பித்தேன். மலைத் தாய் வரைக்கும் தட்டினேன். தலைக்கு மேலே அம்மா மடியை விரித்துக்கொண்டு நின்றாள். அதற்கு மேல் விரல் நகரவில்லை. பூப்போட்ட துணியை எடுத்துக் கம்ப்யூட்டரை மூடிவிட்டு, நாளையிலிருந்து வரவில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இதை வீரம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தேனிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க ஆள் கேட்டிருந்தார்கள். அங்கே வேலை உறுதி என்று தெரிந்த பிறகுதான் எனக்கு மானம் ரோஷம் எல்லாம் வந்தது. புத்தகமும் நிற்கவில்லை. தமிழ் ஐயாவின் மருமகன் இங்கிலீஷில் எழுதிக்கொடுத்து, மூவேந்தரோடு சேர்ந்து சிவகாசியில் அச்சாகி வந்தது. கிட்டங்கி வாசலில் மேஸ்திரியும் முக்காலியும் அப்படியே இருந்தார்கள்.

அம்மா என்னைத் திட்டித் தீர்த்தாள். "அம்புட்டு மதிப்பா வச்சிருந்தாக, எதுக்குடா விட்ட?" என்று கேட்டாள். என்னால் அவளிடம் காரணம் சொல்ல முடியவில்லை. உன் படத்துக்குக் கீழே பொய் எழுதச் சொன்னார்கள் என்றால், என் படம் அட்டையில் வருதா என்றுதான் முதலில் கேட்டிருப்பாள். அவள் அதற்குப் பிறகும் ஐந்தாறு வருடம் அங்கேயே காய் பொறுக்கினாள். பச்சைக்கும் வெளுப்புக்கும் வித்தியாசம் தெரியாமல் கண் மங்கிய பிறகுதான் நின்றாள்.

நான் கல்யாணம் முடித்துத் தேனியில் வாடகைக்கு வீடு எடுத்துக் குடித்தனம் வந்துவிட்டேன். கல்லூரியில் பிள்ளைகளுக்குச் சொற்களின் வேர் பற்றிப் பாடம் எடுக்கும்போது கார்டமத்தை மட்டும் தாண்டிப் போய்விடுவேன். அம்மா போடியை விட்டு வர மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தாள். இரண்டாயிரத்து ஒன்பதில் கண் ஆபரேஷனுக்காக வந்து பத்து நாள் எங்களோடு தங்கினாள். மருமகள் கையால் சாப்பிட்டாள், குறை ஒன்றும் சொல்லவில்லை. பதினோராவது நாள் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். பஸ் ஏற்றிவிட நான் செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவில் நின்றேன். வழியனுப்ப என் மனைவி நிலைப்படியில் நின்றாள்.

அம்மா நிலையைத் தாண்டும் முன் நின்றாள். பையைக் கீழே வைத்தாள். என் மனைவிக்கு நேராகத் திரும்பி, இடுப்பிலிருந்த மடியை அவிழ்த்து விரித்து மூன்று முறை உதறினாள். பிறகு செருகிக்கொண்டு, ஒன்றுமே நடக்காதது போலப் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். அவள் அதைச் செய்தது அவளுக்கே தெரியவில்லை. என் வீட்டு வாசலில், நான் சம்பாதித்து நடத்தும் வீட்டு வாசலில், என் அம்மா தான் ஒன்றையும் எடுத்துக்கொண்டு போகவில்லை என்று காட்டிவிட்டுப் போனாள்.

அம்மா தெருமுனைக்குப் போயிருப்பாள். என் மனைவி இறங்கி வந்து, "அத்தை என்னமோ உதறுனாகளே, என்ன அது?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. அவுக பக்கத்துச் சம்பிரதாயம்" என்றேன்.